பூச்சியத்தைச் சோதித்தல்

இழுவை வண்டியில் வந்து இறங்கியது லோகன் அவெனியூவுக்கு.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
கராஜ் கதவு உயர்ந்ததும்
பனியும் பெற்றோல் மணமும் ஒன்றாய் நுழைந்தன,
பின்னால் அமலதாசன்,
கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி.
உள்ளே கழற்றிய பழைய சென்சர் ஐந்து,
பற்றுச்சீட்டு ஒன்பது.
"எல்லாம் புதுசு போட்டாச்சு, தர்மினி.
சிவப்பு லைற்றில நிண்டா இன்னும் செத்துப்போகுது."

அரை மணிநேரம் ஓடவிட்டேன்.
ரேடியேற்றர் குழாயில் கை வைக்க முடியவில்லை,
கணினியோ தண்ணீர் ஐம்பது பாகைதான் என்கிறது.
ஒருவரும் மிதிக்காத முடுக்கி
பதினான்கு வீதம் மிதிபடுகிறதாம்.
நம்பி, எரிபொருளை அள்ளி ஊற்றுகிறது,
போதும் போதும் என்ற விருந்தாளியின் இலையில்
சோறு போடுவதுபோல.

சாட்சி ஒருவர் பொய் சொன்னால் ஆளை மாற்றலாம்.
மூன்று பேர் சேர்ந்து
ஒரே பக்கமாய்ப் பிசகினால்
நான் சாட்சிகளைப் பார்ப்பதில்லை,
அவர்கள் நிற்கிற தரையைப் பார்ப்பேன்.

எர்த் என்போம் கராஜில்.
மண் என்று மொழிபெயர்க்காதீர்கள்,
உடனே யாராவது கண்கலங்குவார்கள்.
இது ஊர் இல்லை.
கபிலநிற வயர். தடிப்பு, ஒரு நூடில்ஸ் அளவு.
எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று
ஐந்து சென்சரும் அதைக் கேட்டுத்தான் தொடங்குகின்றன.

கறுப்பு முனையைப்
பற்றரியின் நெகற்றிவ்வில் கவ்வவிட்டேன்.
சிவப்பு முனையில் குண்டூசி,
இணைப்பின் பின்பக்கமாய்,
இறப்பர் கிழியாமல்.
இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கவேண்டும்.
நின்றுபோன வண்டியில் எந்த வயரும் யோக்கியம்தான்.

பூச்சியம் வரவேண்டும்.
பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு என்றாலும் மன்னிப்பேன்.
வந்தது

0.62

முடுக்கிச் சென்சரில் குத்தினேன்: 0.62.
கணினியின் காலடியில், அதே வயரின் மறுநுனியில்: 0.01.
அப்போ இடையில்.
இடையில் என்பது ஒன்றரை மீற்றர்,
நாற்பது வயர் பின்னிய ஒரு கறுப்புப் பாம்பு.
வாலில் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை எண்.
வயிற்றில் ஆட்டினேன், இல்லை.
தெர்மோஸ்ராற்றுக்குக் கீழே கழுத்தை வளைத்ததும்
0.9, 0.04, 0.62, 1.1
என்று உளறத் தொடங்கியது.

அங்கே ரேப் வேறு. கம்பனி ரேப் இல்லை,
டொலர் கடையில் வாங்கியது.
உரித்தேன்.
செம்புக்குச் செம்பு கையால் முறுக்கியிருந்தது,
ஈயம் இல்லை, உறை இல்லை.
நாலு பனிக்காலத்து வீதியுப்பு குடித்து
மயில்துத்தம் போலப் பச்சையாய்ப் பூத்து
தொட்டதும் உதிர்ந்தது.

"ஆர் இதை முறுக்கினது?"

அமலதாசன் பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.
"புளொக் ஹீற்றர் பூட்டேக்குள்ள
ஒரு வயர் அறுந்தமாதிரி…
யூரியூப்பில பாத்துத்தான் செய்தனான்."

நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன்.
அவரும், கொஞ்சம் பிந்தி.

பச்சை போகும்வரை வெட்டி
புதுத் துண்டு வைத்து, ஈயம் உருக்கி,
சுருங்கும் குழாய் மூடிச் சூடு காட்டினேன்.
0.01.
இயந்திரம் தொண்டையைச் செருமுவதை விட்டது.
எழுபது டொலர் என்றேன்.
அவ்வளவுதானோ என்று கேட்டவர் குரலில்
மகிழ்ச்சி முழுதாக இல்லை.
ஒன்பது பற்றுச்சீட்டையும் அவர் மனம் கூட்டிக்கொண்டிருந்தது.

மக்ஃபிலிப்ஸ் சந்தியிலிருந்து அழைத்தார்.
பேசவில்லை.
போனை டாஷ்போர்டில் வைத்திருக்கவேண்டும்.
சிவப்பு விளக்கு முழுவதும் கேட்டேன்:
நிற்காமல் ஓடுகிறது.

பெட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தார்.
தேத்தண்ணிக்கு வைத்த கொதிநீரைக் கோப்பையில் ஊற்றி,
சற்று ஆறவிட்டு,
முதலில் குற்றஞ்சாட்டப்பட்ட பழைய சென்சரைத் தோய்த்து
இரு காலிலும் மீற்றரைப் பிடித்தேன்.
எண்பது பாகையில் முந்நூற்றிருபது ஓம்.
புத்தகத்தில் உள்ளபடியே.